குத்துவாள் குறி

டெட்ஃபோர்ட், லண்டன்
4 பிப்ரவரி 1957

மிஸ் கரூதர்ஸ் அவர்களுக்கு,

உங்கள் அகராதி ஆசிரியர் டாக்டர் கின்னேர்டிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். ‘கோவ்’ சாகவில்லை. இன்று காலை பதினோரு மணிக்கு என் கடை நாற்காலியில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது.

அகராதிக்குச் சொல் சேகரித்து அனுப்புகிறவர்களுக்கெல்லாம் நீங்கள் அனுப்பிய பட்டியல் சனிக்கிழமை வந்தது. ‘இறந்த சொற்கள்: அச்சில் குத்துவாள் குறி (†) பெறுபவை’ என்ற தலைப்பைப் பார்த்ததும் சாவு வீட்டு அறிவிப்பைப் படிப்பது போலத்தான் இருந்தது. ஏழாவது வரியில் கோவ். ஆள், ஆசாமி என்று எங்கள் பேட்டையில் தினமும் புழங்குகிற சொல் அது. ஃப்ரெட் மாப்ஸ் என்ற கப்பல்துறைத் தொழிலாளிக்கு இன்று சவரம் செய்தேன். பஸ் நிறுத்தத்தை இருநூறு கஜம் தள்ளி வைத்துவிட்டார்களாம், அந்தக் கோபத்தில் வந்திருந்தான். “தள்ளி வெச்ச அந்தக் கோவ் ஒரு நாளாவது உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கிட்டு நடந்திருக்கானா, வில்ஃப்? நீயே சொல்லு” என்றான். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சீட்டு எடுத்து எழுதினேன். “நுரை காயுதுய்யா” என்று அதற்கும் திட்டினான்.

போன வாரத்திலிருந்து மட்டும் மூன்று பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். மூன்று சீட்டும் இத்துடன். நான் பத்தொன்பது வருடமாக உங்களுக்குச் சீட்டு அனுப்புகிறேன். ஆண்களை என்னவென்றெல்லாம் கூப்பிடுவார்கள் என்பது முடிதிருத்துகிறவனைவிட யாருக்குத் தெரியும்? உயிரோடு இருக்கிறவனைப் புதைக்காதீர்கள்.

வில்ஃப் டாப்செல்

---

எடின்பரோ
8 பிப்ரவரி 1957

திரு. டாப்செல் அவர்களுக்கு,

மூன்று சீட்டுகளும் கிடைத்தன. மூன்றும் செல்லாது. காரணம் உங்களுக்கே தெரியும். காதால் கேட்டதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. கடந்த பத்து வருடத்துக்குள் அச்சில் வந்திருக்க வேண்டும். தேதியும் பக்கமும் வேண்டும்.

இதை எழுத எனக்கே எரிச்சலாக இருக்கிறது. உங்கள் ஃப்ரெட் மாப்ஸை நம்புகிறேன். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நேரே டாக்டரின் அறைக்கே போனேன். “மிஸ் கரூதர்ஸ், என் அப்பா காலத்துக்கப்புறம் யாரும் கோவ்னு சொல்லி நான் கேட்டதில்ல” என்றார். “நீங்க டெட்ஃபோர்டுக்குப் போனதும் இல்ல” என்றேன். அறையில் இருந்த நான்கு ஆண்களும் தலை குனிந்துகொண்டு பென்சில் சீவினார்கள்.

இந்த அலுவலகத்தில் ஒரு முழு எழுத்தை ஒரு பெண்ணிடம் கொடுத்திருப்பது இதுவே முதல் முறை. ‘சி’ என்னுடையது. ஆளைக் குறிக்கும் சாப், கோவ் இரண்டும் அதில் வருகின்றன. தாள்கள் மார்ச் 8 அன்று அச்சகத்துக்குப் போகின்றன. அதற்குள் ஒரே ஒரு அச்சுச் சான்று கிடைத்தால் போதும், குத்துவாளை நானே பிடுங்கி எறிவேன்.

ஆனால் அவசரம் வேண்டாம். டெவன் பாதிரியார் கதை நினைவிருக்கும். ஆறாயிரம் சீட்டு அனுப்பியவர். ஒரு மேற்கோள் அவரே கற்பனை செய்தது என்று தெரிந்ததும், எங்கள் விதிப்படி ஆறாயிரத்தையும் ஒரே நாளில் பெட்டிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான்தான் பெட்டி தூக்கினேன்.

‘ஜி’ எழுத்துக்கு இன்னும் ஆண்டுகள் இருக்கின்றன. ஆனாலும் கேட்கிறேன்: ‘கீஸர்’ என்று இளைஞர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதாகப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். உண்மையாகவா?

ஈனா கரூதர்ஸ்

---

டெட்ஃபோர்ட்
14 பிப்ரவரி 1957

மிஸ் கரூதர்ஸ் அவர்களுக்கு,

உண்மையாகவா என்றா கேட்கிறீர்கள்? செவ்வாய்க்கிழமை என் கடையில் அடிதடியே ஆகியிருக்கும்.

நீளக் கோட்டும் எண்ணெய் வழிகிற முன்முடியுமாக ஒருவன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவன் சிநேகிதன் உள்ளே வந்ததும், “வாடா கீஸர், எங்கடா போயிட்ட?” என்றான். நாற்காலியில் இருந்த கிழவர் ஹோரஸ் கில், தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்துக் கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்துவிட்டார். அவர் காலத்தில் கீஸர் என்றால் தள்ளாடுகிற கோமாளிக் கிழவன் என்று அர்த்தம்.

“யாரைடா கீஸர்ங்கற?”

“உங்கள இல்ல பெருசு. நீங்க எப்படி கீஸர் ஆவீங்க? கீஸர்னா கெத்தா இருக்கணும்.”

பெரியவருக்கு எதற்குக் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கீஸர் என்றதற்கா, கீஸர் இல்லை என்றதற்கா? நடுவில் நின்ற நான் கத்தியை வைத்துவிட்டுச் சந்தோஷமாகச் சீட்டு எடுத்தேன். ஒரே அறையில் ஒரு சொல்லின் அறுபது வருடமும் எதிரெதிரே நின்று முறைத்துக்கொண்டிருந்ததே.

சரி, கோவ் விஷயம். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நூலகத்துக்குப் போகிறேன். பழைய பத்திரிகைக் கட்டுகளை எல்லாம் புரட்டிவிட்டேன். யுத்தத்துக்கு முன்னால் நிறைய இருக்கிறது. அப்புறம் ஒன்றுகூட இல்லை. சாப் கொட்டிக் கிடக்கிறது. பாதிரியார், பாங்க் மேனேஜர், பெண் கொடுத்த மாமியார், எல்லோரும் நல்ல சாப், நல்ல சாப் என்கிறார்கள். ஆளைச் சொல்கிற இன்னொரு சொல்லான ப்ளோக்கும் அப்படித்தான். கோவ் மட்டும் சந்தையில் பேசுகிறவர்கள் வாயில் இருக்கிறது. அவர்கள் யாரும் பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் இல்லை.

என் மனைவி ஐவி, “ரெண்டு வாரமா வீட்ல பேசறது உன் குரல்தான், ஆனா எல்லாம் அந்த கோவ் பத்தித்தான். யாரு அது, சொந்தக்காரனா?” என்கிறாள். அவளுக்கு ஒரே ஆசை. அகராதியின் முகப்பில் சீட்டு அனுப்பியவர்கள் பெயர்களை நன்றியோடு போடுவீர்களாமே, அதில் ‘டபிள்யூ. டாப்செல்’ என்று ஒரு வரி பார்த்துவிட வேண்டும். என் ஆசையும் அதுதான், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

வில்ஃப் டாப்செல்

---

டெட்ஃபோர்ட்
22 பிப்ரவரி 1957

மிஸ் கரூதர்ஸ்,

கிடைத்துவிட்டது. டெட்ஃபோர்ட் கூரியர், இன்றைய இதழ், ஆறாம் பக்கம், வாசகர் கடிதம், கீழே ‘நொந்த கால்’ என்று கையெழுத்து. வெட்டி ஒட்டி அனுப்பியிருக்கிறேன்: “பஸ் நிறுத்தத்தைத் தள்ளி வைத்த அந்தக் கோவ் ஒரு நாளாவது உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாரா?”

தபால் போகிறது. அவசரம்.

வி. டா.

---

எடின்பரோ
26 பிப்ரவரி 1957

திரு. டாப்செல்,

உங்கள் உறையைப் பிரித்தபோது கையில் தேநீர். பாதி என் பாவாடையில். பரவாயில்லை.

படியில் இரண்டிரண்டாக ஏறி டாக்டர் அறைக்கு ஓடினேன். எனக்கு நாற்பத்தேழு வயது. அவர் வெட்டுத்துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் இருந்த செருப்பு விளம்பரத்தைக்கூடப் படித்தார். “ம்” என்றார். பிறகு பென்சிலை எடுத்து, என் கண் முன்னாலேயே, குத்துவாளின் மேல் ஒரு கோடு போட்டார். பதினொரு வருடத்தில் அவர் தன் முடிவை மாற்றி நான் பார்த்ததில்லை. சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டேன். மத்தியானம் எனக்கு நானே ஒரு கிரீம் பன் வாங்கிக்கொண்டேன்.

ஃப்ரெட் மாப்ஸ்தான் எழுதினாரா? கிட்டத்தட்ட அதே வாக்கியம். அவர் எழுதியிருந்தால் இன்னும் நல்லது, பேச்சுக்கும் அச்சுக்கும் ஒரே ஆள். வழக்கம்போலக் கூரியருக்கும் ஒரு வரி போட்டிருக்கிறேன், எழுதியவர் பெயர் கேட்டு. பதில் வந்ததும் சீட்டில் சேர்த்துவிடுவேன்.

நன்றி என்பது சின்ன வார்த்தை. ஆனாலும் நன்றி.

ஈனா கரூதர்ஸ்

---

டெட்ஃபோர்ட்
28 பிப்ரவரி 1957

மிஸ் கரூதர்ஸ் அவர்களுக்கு,

பன் சாப்பிட்டதில் சந்தோஷம்.

கூரியர்காரர்களைத் தொந்தரவு செய்ய வேண்டுமா? அவர்களுக்கு ஆயிரம் வேலை. புனைபெயர் போட்டவருக்கு ஏதாவது காரணம் இருக்கும். ஃப்ரெட் இல்லை என்று நினைக்கிறேன். அவன் எழுதுகிறவன் இல்லை. இங்கே இரண்டு நாளாக மழை. கடையில் கூட்டம் குறைவு. வேறு ஒன்றும் விசேஷமில்லை.

வில்ஃப் டாப்செல்

---

எடின்பரோ
2 மார்ச் 1957

திரு. டாப்செல்,

கூரியரிலிருந்து பதில் வந்தது. மரியாதையான பதில். எழுதியவரின் பெயர், வீதி, கதவு எண் எல்லாம் இருக்கின்றன. எல்லாம் எனக்கு மனப்பாடமானவை. ஆறு வருடமாக உங்களுக்கு உறை எழுதுகிறவள் நான்.

என்ன செய்திருக்கிறீர்கள் என்று தெரிகிறதா? நீங்களே எழுதி, நீங்களே அச்சேற்றி, நீங்களே வெட்டி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். டெவன் பாதிரியார் கதையை நான் எழுதி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பொய்ச் சீட்டைத் தவிர்த்து உங்கள் சீட்டுகளை இன்று எண்ணினேன். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. விதிப்படி அத்தனையும் போக வேண்டும். சாப் பதிவில் பாதி உங்களுடையது. பொய்ச் சீட்டில் கையெழுத்திட்டவள் நான். ‘சி’யை என்னிடமிருந்து எடுக்க அந்த ஒரு கையெழுத்து போதும். எடுத்தால், இனி எந்தப் பெண்ணுக்கும் எந்த எழுத்தும் கொடுக்கமாட்டார்கள்.

கூரியரின் பதிலை நான் மட்டும்தான் பார்த்தேன். என் அறையில் கணப்பு எரிகிறது. அதில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. காலையிலிருந்து இதையே யோசிக்கிறேன். அப்படி யோசிக்கிறவளாக என்னை ஆக்கியதற்குத்தான் உங்கள்மேல் எனக்கு அதிகக் கோபம்.

டாக்டர் வியாழக்கிழமை தாள்களைக் கடைசியாகப் பார்க்கிறார். ஏன் செய்தீர்கள் என்று அதற்குள் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம்.

ஈ. கரூதர்ஸ்

---

டெட்ஃபோர்ட்
4 மார்ச் 1957

மிஸ் கரூதர்ஸ் அவர்களுக்கு,

கணப்பில் போடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். நான் எழுதும் இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.

ஏன் செய்தேன்? வாக்கியம் உண்மை. ஃப்ரெட் சொன்னது. சொன்னவன் இருக்கிறான், கேட்டவன் இருக்கிறேன், மை ஒன்றுதான் குறைச்சல் என்று நினைத்தேன். பத்தொன்பதாம் தேதி நூலகத்திலிருந்து வெறுங்கையோடு வந்தேன். தோற்றுப் போகிறோம் என்ற ஆத்திரம். கால் மணி நேரத்தில் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். தப்பு என்று எழுதும்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். உங்கள் பாவாடையில் தேநீர் கொட்டியதைப் படித்த அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் பேனாவை எடுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். மழை பெய்கிறது என்று எழுதினேன்.

சீட்டெல்லாம் போனால் போகட்டும். நான் செய்ததற்கு அது சரி. ஆனால் உங்களிடமிருந்து எழுத்தைப் பிடுங்க விடாதீர்கள்.

இன்னொன்று. இதை அனுப்பலாமா கூடாதா என்று ஐவியிடம் கேட்டேன். சனிக்கிழமை நான் உண்மையைச் சொன்னதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. கையால் தபால்பெட்டி இருக்கும் திசையைக் காட்டினாள். மார்ச் முதல் தேதி கூரியர் இதழை முழுசாக இத்துடன் வைத்திருக்கிறேன். ஆறாம் பக்கம் பாருங்கள். ‘நொந்த கால்’ கடிதத்துக்குப் பதிலாக எட்டுக் கடிதங்கள். ஒன்றையும் நான் எழுதவில்லை, யாரையும் எழுதச் சொல்லவுமில்லை. பெயர் கேட்டுக் கூரியருக்கு எழுதுங்கள், எட்டுக்கும் கேளுங்கள்.

வில்ஃப் டாப்செல்

---

எடின்பரோ
7 மார்ச் 1957, வியாழன்

திரு. டாப்செல்,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இல்லாவிட்டால் உளறிவிடுவேன்.

எட்டுக்கும் பெயர் கேட்டுக் கூரியருக்குத் தொலைபேசியிலேயே பேசினேன். எட்டும் உண்மையான ஆட்கள். பிறகு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், நின்றுகொண்டே சொன்னேன். பொய்ச் சீட்டு, என் கையெழுத்து, உங்கள் கடிதம், கணப்பில் போட நினைத்தது உட்பட. அவர் அந்தச் சீட்டை நான்காகக் கிழித்தார். கூரியரை எடுத்து ஆறாம் பக்கத்தைப் படித்தார்.

முதல் கடிதம் நகரசபை அதிகாரியுடையது: “மேற்படி கோவ் நான்தான். நானும் உருளைக்கிழங்கு தூக்கியிருக்கிறேன்.” டாக்டரின் மீசை கொஞ்சம் அசைந்தது. ஆனால், “இது எதிரொலி. கணக்குல வராது” என்றார். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் எதிரொலி. ஆறாவது, மீன்கடை வைத்திருக்கும் நெல் பார்டோ என்ற அம்மாளுடையது. பஸ் நிறுத்தத்தைப் பற்றி அரை வரிதான்; மீதி முழுக்க, மீன் வாங்க வரும் ஆண்களைத் திட்டியிருக்கிறார். “கல்யாணமான கோவ் வந்தால் தலையை வெட்டிக் கொடு என்பான், ஆகாதவன் முழு மீனைத் தூக்கிக்கொண்டு போவான், இருபது வருடமாகப் பார்க்கிறேன்.”

டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். “இந்தம்மா இத யாரையும் பாத்து எழுதல. அவங்க பேச்சே இப்படித்தான் போல.”

“ஆமா சார்.”

“ஒரு சொல்ல தெருவுல வீசினா இப்படி வந்து புடிக்கிறாங்கன்னா, அது பொணம் இல்ல.”

குத்துவாள் போனது. இந்த முறை மையால் அடித்தார்.

அடுத்து நீங்கள். விதிப்புத்தகத்தை எடுத்தார். நாலாயிரத்து முந்நூறும் என் கண் முன்னால் போவது போலிருந்தது. உங்கள் சீட்டுகளில் எதை வேண்டுமானாலும் எடுங்கள், மூலத்தோடு இப்போதே ஒத்துப் பார்க்கிறேன் என்றேன். இருபது எடுத்தார். அலமாரிக்கும் மேஜைக்கும் ஓடினேன். இருபதும் சரி. ஒரு கமாகூடத் தப்பவில்லை. இன்னும் இருபது கேட்டார். அதுவும் சரி. மூன்றாவது இருபதுக்கு அவரே எழுந்து ஏணியில் ஏறினார். மாலை நாலு மணிக்குக் கூரியரின் பதிலைக் கையில் எடுத்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

“பித்தலாட்டம் பண்றவன் கள்ளப் பேரு குடுப்பான். இந்த மனுஷன் சொந்தப் பேரு, தெரு, கதவு நம்பர் எல்லாம் குடுத்திருக்கார். பொய் சொல்லத் தெரியல. மொத தடவை போலிருக்கு.”

சீட்டுகள் இருக்கின்றன, திரு. டாப்செல். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட வெளியே போகாது. ‘சி’ என்னிடமே இருக்கிறது, நாளை அச்சகத்துக்குப் போகிறது.

ஆனால் முகப்பில் உங்கள் பெயர் வராது. அதற்காக நான் வாதாடினேன், கொஞ்சம் கத்தவும் செய்தேன். டாக்டர் அசையவில்லை. “சீட்டு மொழிக்குச் சொந்தம், அது இருக்கட்டும். நன்றி ஆளுக்குச் சொல்றது” என்றார். பட்டியலிலிருந்து உங்கள் வரியை நானே அடிக்க வேண்டியிருந்தது. அடித்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஐவி அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. என் வருத்தத்தைச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் சீட்டு அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் விருப்பம். அனுப்பாவிட்டால் உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

ஈனா

---

டெட்ஃபோர்ட்
11 மார்ச் 1957

அன்புள்ள மிஸ் ஈனா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஐவிக்கு வாசித்துக் காட்டினேன். பெயர் வராது என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவள் வாங்கி மீதியைப் படித்தாள். “ஏணி மேல ஏறினாரா அந்த டாக்டர்?” என்றாள். ஆமாம் என்றேன். “அந்தப் பொண்ணு கத்துச்சா?” ஆமாம் என்றேன். அப்புறம் அடுப்பங்கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். திரும்பி வந்து ஒன்பது நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினாள். “உனக்கு இது வேணும். டீ குடிக்கிறியா?”

வலிக்கத்தான் செய்கிறது. பத்தொன்பது வருடம். வலிக்கவில்லை என்றால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். நெல் பார்டோவிடம் அவள் கடிதம் அகராதியில் வரப்போகிறது என்று சொன்னேன். “எதுக்கு, யாராவது கேஸ் போட்டுட்டாங்களா?” என்று பயந்துபோனாள். விளக்கிச் சொன்னதும் எனக்கு ஒரு மீனை இனாமாகக் கொடுத்தாள். முழு மீன்.

சரி, இதைக் கேளுங்கள். நேற்று ஐவி தன் தங்கை மகள் வீட்டிலிருந்து பெண்கள் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்தாள். ஹாக்கி ஆடுகிற ஐந்து பெண்களைப் பற்றி ஒரு கதை. அதில் அணித் தலைவி மற்ற நாலு பேரையும் பார்த்துச் சொல்கிறாள்: “வாங்க சாப்ஸ், ஜெயிச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போறோம்.” ஐந்தும் பெண்கள். ஒரு ஆண்கூட அந்தப் பக்கத்தில் இல்லை, நாய்கூடப் பெண் நாய். உங்கள் சாப் பதிவில் ‘ஆண்மகன்’ என்று போட்டிருக்கிறீர்களே, தாள் அச்சகத்துக்குப் போய்விட்டதா? போயிருந்தாலும் தொலைபேசியில் நிறுத்துங்கள்.

பத்திரிகையை வெட்டவில்லை. முழு இதழையும் அனுப்புகிறேன், பதினான்காம் பக்கம், தேதி அட்டையில். இது நான் எழுதியதல்ல. ஐவி சாட்சி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். டாக்டரை உட்கார வைத்துவிட்டுக் காட்டுங்கள்.

இத்துடன் இருபத்துமூன்று சீட்டுகள்.

வில்ஃப் டாப்செல்

சாட்சி: ஐவி டாப்செல்